மந்திரத்தால் உயிர்களை அழைப்பது: எங்கள் ஆட்டத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காரைக்குடியில் விடுமுறை நாட்களில் நாங்கள் ஒரு கூட்டமாக உட்கார்ந்து, ஆளுக்கொரு கதாபாத்திரம் எடுத்துப் பகடை உருட்டிக் கதை நடத்தும் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆடுகிறோம். தேவகோட்டை, கானாடுகாத்தான், குன்றக்குடியிலிருந்தெல்லாம் பிள்ளைகள் வருவார்கள். வளவின் (வீட்டு நடு முற்றப் பகுதியின்) ஆத்தங்குடிக் கல் பதித்த தரைதான் எங்கள் வரைபடம். ஒரு கல்லுக்கு 5 அடி என்று கணக்கு. கதையையும் எதிரிகளையும் நடத்தும் டிஎம் நான்.

யார் புதிதாக ட்ரூயிட் (இயற்கை மந்திரம் போடும் கதாபாத்திரம்) எடுத்தாலும், மந்திரத்தால் மிருகங்களை அழைக்கும் இடத்தில் ஆட்டம் நின்று அதே சந்தேகங்கள் கிளம்புகின்றன. அவற்றைக் கேட்டவர்கள் கேட்ட வார்த்தையிலேயே இங்கே எழுதியிருக்கிறேன். நாங்கள் ஆடுவது 2014இல் வந்த 5ஆம் பதிப்பு. அதிலுள்ள பழைய மந்திரங்களைக் 'கான்ஜூர்' வகை என்றும், 2020இல் துணைப் புத்தகத்தில் சேர்ந்தவற்றைச் 'சம்மன்' வகை என்றும் சொல்கிறேன். 2024இல் திருத்திய விதிகள் மாறும் இடங்களை அங்கங்கே குறித்திருக்கிறேன்.

அக்கா, வர்றது நிஜ மிருகமா, ஆவியா? செத்தா கறி கிடைக்குமா?

கறி கிடைக்காது. கான்ஜூர் அனிமல்ஸ் மந்திரத்தில் வருவது மிருக வடிவம் எடுத்த ஃபே (தேவதைக் கதை உலகத்து உயிர்) ஆவி. அது மிருகக் கணக்கிலும் சேரும், ஃபே கணக்கிலும் சேரும். ஹெச்பி (உயிர்ப் புள்ளி) 0 ஆன நொடியில் மறைந்துவிடும். உடலோ தோலோ கொம்போ மிஞ்சாது. மந்திரத்தின் நேரம் முடிந்தாலும் இதே கதைதான்.

சம்மன் பீஸ்டில் வருவதும் ஆவிதான், ஆனால் விதிப்படி அது வெறும் மிருகக் கணக்கு. ஃபே என்ற அடையாளம் அதற்கு இல்லை. இந்த வித்தியாசம் இப்போது சின்னதாகத் தெரியும். எதிரி உங்கள் மிருகங்களைத் தடுக்கப் பார்க்கும்போது இதுவே பெரிதாகிவிடும், அதைப் பின்னால் பார்ப்போம்.

நான் புதுசு. எந்த மந்திரத்துல ஆரம்பிக்கட்டும்?

சம்மன் பீஸ்ட். இதில் எனக்குத் தயக்கமே இல்லை. இது 2ஆம் நிலை மந்திரம் (மந்திரத்தின் நிலை வேறு, கதாபாத்திரத்தின் லெவல் வேறு). ட்ரூயிட்டுக்கு 3ஆம் லெவலில் கிடைக்கும், காட்டு வீரரான ரேஞ்சருக்கு 5ஆம் லெவலில். ஒரே ஒரு மிருகம் வரும். நிலம், நீர், ஆகாயம் என்று மூன்றில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கலாம். அதன் எண்கள் எல்லாம் மந்திரத்துக்குள்ளேயே அச்சாகியிருப்பதால் மிருகங்களின் பட்டியலைப் புரட்ட வேண்டியதில்லை.

2ஆம் நிலை ஸ்லாட்டில் (மந்திரம் போடும் வாய்ப்பு, எண்ணிக்கை உண்டு) போட்டால் அதன் ஏசி, அதாவது அதை அடிக்க எதிரி எட்ட வேண்டிய எண், 13. நிலம் அல்லது நீர் வடிவத்துக்கு ஹெச்பி 30, பறக்கும் வடிவத்துக்கு 20. ஒரு தடவை கடிக்கும். உங்கள் மந்திரத் தாக்குதல் எண்ணையே அது பயன்படுத்தும், சேதம் 1டி8 + 6, அதாவது எட்டு முகப் பகடை ஒன்றை உருட்டி 6 கூட்ட வேண்டும். இதையே 4ஆம் நிலை ஸ்லாட்டில் போட்டால் ஏசி 15 ஆகும், ஹெச்பி 10 கூடும், கடி இரண்டாகும். நீங்கள் வளர வளர அதுவும் வளர்வதால் ஒரே மந்திரத்தை நெடுநாள் வைத்துக்கொள்ளலாம்.

ஒரு செலவு உண்டு. குறைந்தது 200 பொன் மதிப்புள்ள, தங்க முலாம் பூசிய ஓக் கொட்டை ஒன்று வேண்டும். அதற்குள் இறகும் உரோமமும் மீன் வாலும் இருக்கும். ஒருமுறை வாங்கினால் போதும், மந்திரம் அதைத் தின்றுவிடாது. ஆனால் விலை குறிப்பிட்ட பொருள் என்பதால் வழக்கமான மந்திரக்கோல் அதற்கு ஈடாகாது. புதிதாக வருபவர்கள் இதை விட்டுவிடுகிறார்கள். கதாபாத்திரத் தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

கான்சன்ட்ரேஷன் கான்சன்ட்ரேஷன்னு எல்லாரும் கத்துறீங்களே, அப்படி என்ன அது?

அழைக்கும் மந்திரங்களில் பெரும்பாலானவை உங்கள் மனக்குவிப்பில்தான் நிற்கின்றன. அது கலைந்தால் மிருகம் போய்விடும். கலையும் வழிகள் மூன்று. கான்சன்ட்ரேஷன் தேவைப்படும் இன்னொரு மந்திரத்தைப் போட்டால் பழையது அப்போதே முடியும். நீங்கள் மயங்கினாலோ செயலிழந்தாலோ செத்தாலோ முடியும். அடி வாங்கினால் கான்ஸ்டிடியூஷன் சேவ் (உடல் உறுதியால் தாக்குப்பிடிக்கும் உருட்டல்) உருட்ட வேண்டும், அதில் தோற்றாலும் முடியும்.

அந்த சேவின் இலக்கு 10, அல்லது வாங்கிய சேதத்தில் பாதி. இரண்டில் எது பெரிதோ அது. 14 சேதம் என்றால் பாதி 7, அதனால் இலக்கு 10. 26 சேதம் என்றால் இலக்கு 13. ஒரே எதிரி இரண்டு முறை அடித்தால் இரண்டையும் கூட்டி ஒரே சேவாக உருட்டக் கூடாது, ஒவ்வொரு அடிக்கும் தனி உருட்டல். இந்தச் சண்டை எங்கள் ஆட்டத்தில் அடிக்கடி வருவதால் அழுத்திச் சொல்கிறேன்.

ஆகவே அழைத்தவர் முன்வரிசையில் நிற்கக் கூடாது. பர்மா தேக்குத் தூணுக்குப் பின்னால் பாதி மறைந்து நின்றால் ஏசிக்கு 2 கூடும். முழுக்க மறைந்துவிட்டால் உங்களைக் குறிவைத்து அம்பு விடவே முடியாது. மிருகம் வந்த பிறகு நீங்கள் செய்யும் முதல் வேலை மறைவிடம் தேடுவதாக இருக்கட்டும்.

என் மிருகத்துக்கு எப்ப டர்ன்? அதுக்கு ஆணை போட என் ஆக்‌ஷன் செலவாகுமா?

ஆணைக்குச் செலவில்லை. வாயால் சொன்னால் போதும், உங்கள் முறையில் (டர்ன்) செய்யும் முக்கிய வேலையான ஆக்‌ஷனும் வேண்டாம் போனஸ் ஆக்‌ஷனும் வேண்டாம். சம்மன் வகையில் உங்கள் டர்ன் முடிந்த உடனே அதன் டர்ன். கான்ஜூர் அனிமல்ஸில் வந்த கூட்டத்துக்கெல்லாம் சேர்த்து ஒரே இனிஷியேட்டிவ் (யார் முன், யார் பின் என்ற வரிசை எண்) உருட்டி, அந்த இடத்தில் அவை ஆடும்.

நீங்கள் ஒன்றும் சொல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதும் வகைக்கு வகை மாறும். சம்மன் மிருகம் டாட்ஜ் எடுத்து (அடியைத் தவிர்ப்பதில் கவனம் வைத்து), ஆபத்திலிருந்து விலகும் அளவுக்கு மட்டும் நகரும். கான்ஜூர் மிருகங்கள் தங்களைத் தாக்க வருபவர்களிடமிருந்து தற்காத்துக்கொள்ளும், மற்றபடி சும்மா நிற்கும். ஆணை வாய்மொழி என்பதால் சத்தத்தை அடக்கும் சைலன்ஸ் மந்திரத்துக்குள் மாட்டினாலோ வாயைக் கட்டிவிட்டாலோ புது ஆணை போட முடியாது.

எட்டு ஓநாய் கேட்டா டிஎம் எட்டு தவளை குடுக்குறார். இது நியாயமாக்கா?

விதி டிஎம் பக்கம். கான்ஜூர் அனிமல்ஸில் நீங்கள் தேர்ந்தெடுப்பது வரிசையை மட்டும்தான்: சிஆர் (மிருகத்தின் வலிமை அளவு) 2 வரை ஒரு மிருகம், 1 வரை இரண்டு, 1/2 வரை நான்கு, 1/4 வரை எட்டு. அந்த வரிசைக்குள் எந்த மிருகம் வரும் என்பதை டிஎம் தீர்மானிக்கிறார். விதியை எழுதியவர்களே பிறகு கொடுத்த விளக்கத்திலும் இதைத்தான் சொன்னார்கள். ஓநாயின் சிஆர் 1/4, தவளையின் சிஆர் 0. 'அல்லது அதற்குக் கீழ்' என்று விதி சொல்வதால் தவளை கொடுத்தாலும் சட்டப்படி சரி.

ஆனால் நியாயமா என்று கேட்டால், இல்லை என்பேன். 3ஆம் நிலை ஸ்லாட் ஒன்றைச் செலவழித்துவிட்டு நிற்பவரின் கையில் தவளையைக் கொடுப்பது அவருடைய டர்னைப் பிடுங்குவதற்குச் சமம். டிஎம்முக்கு இந்த அதிகாரத்தைக் கொடுத்ததற்கு நல்ல காரணம் இருக்கிறது. இடத்துக்கும் கதைக்கும் பொருந்திய மிருகம் வர வேண்டும், ஒரே மிருகத்தை வைத்து எல்லாச் சண்டையையும் முடித்துவிடக் கூடாது. ஆட்டக்காரரை ஏமாற்றுவதற்காகக் கொடுத்த அதிகாரம் அல்ல அது.

நாங்கள் செய்வது இது. ஆட்டத்துக்கு முன்பே ஒவ்வொரு வரிசைக்கும் மூன்று நான்கு மிருகங்களைப் பேசி முடிவு செய்து, எண்களை ஒரு தாளில் எழுதி வைத்துவிடுவோம். அழைக்கும்போது அந்தத் தாளிலிருந்துதான் வரும். ஊருணிக் கரை என்றால் முதலை, பொட்டல் என்றால் ஓநாய். ஆட்டக்காரருக்கு என்ன வரலாம் என்று தெரியும், கடைசித் தேர்வு மட்டும் என் கையில்.

எட்டு மிருகம் வந்தா மத்தவங்க எல்லாம் எந்திரிச்சு காபி குடிக்கப் போயிடுறாங்க. என்ன பண்றது?

இந்தப் பக்கத்தை எழுதத் தூண்டியதே இந்தக் கேள்விதான். ஓநாய்க்குப் பேக் டாக்டிக்ஸ் (கூட்டாளி எதிரியின் பக்கத்தில் இருந்தால் தாக்குதலில் ஆதாயம்) இருப்பதால் ஒவ்வொன்றுக்கும் இரண்டு டி20 (இருபது முகப் பகடை) உருட்ட வேண்டும். எட்டுக்கு 16. அப்புறம் சேதம், அப்புறம் எதிரி விழுந்தானா என்று ஒரு சேவ். இதற்குள் பக்கத்தில் இருப்பவர் தன் கதாபாத்திரத்தையே மறந்துவிடுவார். சுற்றி உட்கார்ந்திருக்கும் ஒவ்வொருவரின் நேரமும் ஒரே மதிப்புதான். அழைப்பவர் அதை மனதில் வைத்து ஆட வேண்டும்.

முதலில், சேதத்தை உருட்டாதீர்கள். ஓநாயின் கடிக்கு 7 என்று சராசரி எண் புத்தகத்திலேயே இருக்கிறது, அதையே எடுத்துக்கொள்ளுங்கள். அடுத்து, டிஎம் கையேட்டில் கும்பல் தாக்குதலுக்கு ஒரு கணக்கு உண்டு. தாக்குபவருக்கு டி20இல் 6 முதல் 12 வரை தேவை என்றால் இரண்டு பேருக்கு ஒருவர் அடித்ததாகக் கொள்ளலாம். 13, 14 என்றால் மூன்று பேருக்கு ஒருவர். 15, 16 என்றால் நான்கு பேருக்கு ஒருவர். ஓநாயின் தாக்குதல் எண் +4, எதிரியின் ஏசி 15 என்றால் தேவை 11. எட்டில் நான்கு அடி, 28 சேதம். ஒரு பகடைகூட உருளாமல் முடிந்தது. பேக் டாக்டிக்ஸின் ஆதாயம் இதில் கொஞ்சம் கரையும், வேகத்துக்குக் கொடுக்கும் விலை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு நல்ல வழி, மிருகங்களைப் பங்கு போடுவது. சண்டையில் மயங்கிக் கிடக்கும் கதாபாத்திரத்தின் ஆட்டக்காரரிடம் நான்கு ஓநாயைக் கொடுத்துவிடுங்கள். ஆணை உங்களுடையது, பகடை அவருடையது. சும்மா வேடிக்கை பார்க்க வந்த தம்பி தங்கைகள் சிலர் இப்படித்தான் ஆட்டத்துக்குள்ளேயே வந்தார்கள்.

புது புக்ல கான்ஜூர் அனிமல்ஸ் வேற மாதிரி இருக்கே?

2024 திருத்தத்தில் தனித்தனி மிருகங்களே கிடையாது. தொட முடியாத ஒரு ஆவிக் கூட்டம் வரும், நீங்கள் நகரும்போது அதை 30 அடி வரை நகர்த்தலாம். அதற்கு 10 அடிக்குள் மாட்டும் எதிரி டெக்ஸ்டெரிட்டி (சுறுசுறுப்பு) சேவில் தோற்றால் 3டி10 சேதம். அதற்கு ஹெச்பி இல்லை, கொல்லவும் முடியாது. மேலே சொன்ன காபி பிரச்சினை தீர்ந்துவிடுகிறது. ஆனால் பேர் வைத்து வளர்க்க ஒரு மிருகம் இல்லாமல் போவது எனக்கு வருத்தம்தான். எதை எடுத்தாலும் சரி, ஒரே ஆட்டத்தில் ஒருவர் பழையதும் ஒருவர் புதியதும் வைத்துக்கொள்ளாதீர்கள்.

மயில், கீரிப்பிள்ளை, மஞ்சுவிரட்டு மாடு எல்லாம் புக்ல இல்லையே. நம்ம ஊர் மிருகத்த எப்படிக் கொண்டாறது?

எண்ணை வைத்துக்கொண்டு தோற்றத்தை மாற்றுங்கள். கீரிக்கு, அதைப் போன்ற சிறு மிருகமான வீசலின் எண்கள் அப்படியே பொருந்தும். சிராவயல் மஞ்சுவிரட்டில் பாய்வது போன்ற காளை வேண்டுமென்றால் எல்க் என்ற மானின் எண்களை எடுங்கள். சிஆர் 1/4, 20 அடி நேராக ஓடிவந்து முட்டினால் கூடுதல் சேதம், எதிரி விழவும் வாய்ப்புண்டு. இன்னும் பெரிய காளைக்குச் சிஆர் 2 காண்டாமிருகம். திமிலும் கழுத்து மணியும் உங்கள் வர்ணனையில் வரட்டும்.

குன்றக்குடிப் பிள்ளை ஒருவர் மயில்தான் வேண்டும் என்று நிற்பார். அவருக்குச் சம்மன் பீஸ்டின் ஆகாய வடிவம். நிஜ மயில் அதிக தூரம் பறக்காது, ஆனால் முருகன் மயில் பறக்கும்தானே. தோற்றம் மாற்றும்போது புது சக்தி எதையும் சேர்க்காமல் இருந்தால் போதும். பாம்பைக் கண்டால் கீரிக்கு அட்வான்டேஜ் (இரண்டு பகடை உருட்டிப் பெரியதை எடுப்பது) வேண்டும் என்று கேட்டால் நான் கொடுக்க மாட்டேன்.

ஃபெமிலியர் சண்டை போடாதுன்னா அதை வச்சு என்ன பிரயோஜனம்?

நிறைய. ஃபெமிலியர் என்ற துணை மிருகத்தை வரவழைக்கும் ஃபைன்ட் ஃபெமிலியர் 1ஆம் நிலை மந்திரம், கான்சன்ட்ரேஷன் வேண்டாம், வந்தது சாகும்வரை இருக்கும். போட ஒரு மணி நேரம் ஆகும். ரிச்சுவலாகப் (சடங்காகப்) போட்டால் இன்னும் 10 நிமிடம் கூடும், ஆனால் ஸ்லாட் மிச்சம். 10 பொன் மதிப்புள்ள கரி, சாம்பிராணி, மூலிகையைப் பித்தளைச் சட்டியில் எரிக்க வேண்டும். இந்த ஒரு இடத்தில் விதிப் புத்தகம் நம் வீட்டுப் பூஜை அலமாரியைப் பார்த்து எழுதியது போலவே இருக்கும்.

100 அடிக்குள் அதோடு மனதால் பேசலாம். ஒரு ஆக்‌ஷன் செலவழித்தால் அதன் கண்ணாலும் காதாலும் அறியலாம், அந்த நேரத்தில் உங்கள் சொந்தக் கண்ணும் காதும் வேலை செய்யாது. தொட்டுப் போடும் மந்திரத்தை அதன் வழியாகச் செலுத்தலாம். தாக்க மட்டும் முடியாது, ஆனால் ஹெல்ப் ஆக்‌ஷன் எடுத்து உங்கள் நண்பருக்கு அட்வான்டேஜ் வாங்கித் தரும். ஆந்தைக்கு ஃப்ளைபை இருப்பதால் உதவிவிட்டு அடி வாங்காமல் பறந்துவிடும். ஆந்தை வேண்டாம், செம்போத்துதான் நல்ல சகுனம் என்பவர்கள் அண்டங்காக்கையின் எண்களை எடுத்துக்கொள்ளுங்கள்.

எலமெண்டலைக் கூப்பிட்டேன், அடி வாங்கினேன், அது என்னையே அடிக்குது. ஏன்?

காற்று, தீ போன்ற பூதங்களின் உயிரை அழைக்கும் கான்ஜூர் எலமெண்டலில் கான்சன்ட்ரேஷன் கலைந்தால் அது மறையாது. உங்கள் பிடி விட்டுப்போய், உங்களுக்கும் கூட்டாளிகளுக்கும் எதிரியாகிவிடும். நீங்களாக அனுப்பிவைக்கவும் முடியாது. அழைத்த நேரத்திலிருந்து ஒரு மணி நேரம் ஆனால்தான் போகும். கான்ஜூர் ஃபேயிலும் இதே ஆபத்து. 2024 திருத்தத்தில் இது இல்லை. சம்மன் வகையில் எப்போதுமே இல்லை, புதியவர்களை அங்கே அனுப்புவதற்கு இதுவும் ஒரு காரணம்.

போடவே ஒரு நிமிடம், அதாவது பத்து ரவுண்டு ஆகும். சண்டைக்கு நடுவில் நினைத்துப் பயனில்லை. அதோடு 90 அடிக்குள் 10 அடிக் கனசதுரத்தை நிரப்பும் அளவு காற்றோ மண்ணோ தீயோ நீரோ வேண்டும். ஊருணி தாராளமாகப் போதும். அடுப்பு நெருப்பு போதாது. கார்த்திகைக்குக் கொளுத்தும் சொக்கப்பனை என்றால் ஒத்துக்கொள்வேன்.

வளவு வீட்டுக்குள்ள யானையக் கொண்டுவர முடியுமா?

யானை சிஆர் 4 என்பதால் கான்ஜூர் அனிமல்ஸில் வீட்டுக்கு வெளியேகூட வராது. காண்டாமிருகம் வரும். அது லார்ஜ் அளவு, இரண்டுக்கு இரண்டாக நான்கு கல் காலியாக இருக்க வேண்டும். வளவில் இடம் இருக்கும். அங்கிருந்து 5 அடி வாசல் வழியாக இரண்டாம் கட்டுக்குப் போக வேண்டுமானால் நெருக்கிக்கொண்டுதான் போகும். ஒவ்வொரு அடிக்கும் இரண்டு அடி நகர்வு செலவாகும், தாக்கினால் டிஸ்அட்வான்டேஜ் (இரண்டு பகடையில் சிறியது), அதைத் தாக்குபவருக்கு அட்வான்டேஜ்.

தூரத்தைப் பொறுத்தவரை, கண்ணில் படும் காலி இடத்தில்தான் அழைக்க முடியும். கான்ஜூர் அனிமல்ஸுக்கு 60 அடி, அதாவது 12 கல். சம்மன் பீஸ்டுக்கு 90 அடி, 18 கல். தெருவிலிருந்து அடுத்த தெரு வரை நீளும் நம் வீடுகளில் வாசல்கள் நேர்கோட்டில் இருப்பதால், முகப்பில் நின்றே பின்கட்டில் மிருகத்தை இறக்கலாம். நடுவில் ஒரு கதவைச் சாத்திவிட்டால் அந்த வழி போச்சு. என் எதிரிகள் முதலில் கதவைச் சாத்துவது இதனால்தான்.

எதிரி மந்திரவாதி என் மிருகங்களை எப்படி மடக்குவான்?

எளிய வழி உங்களை அடிப்பது, கான்சன்ட்ரேஷன் கேள்வியில் சொன்னதுபோல. டிஸ்பெல் மேஜிக் 3ஆம் நிலை வரையுள்ள மந்திரத்தைத் தானாகவே முடித்துவிடும். அதற்கு மேல் என்றால் 10 + மந்திரத்தின் நிலை என்ற இலக்கை அவன் உருட்டித் தாண்ட வேண்டும். மந்திரம் வேலை செய்யாத வட்டமான ஆன்ட்டிமேஜிக் ஃபீல்டுக்குள் போனால் மிருகம் தற்காலிகமாக மறைந்து, வட்டம் விலகியதும் அதே இடத்தில் திரும்ப வரும்.

முதல் கேள்வியில் சொன்ன ஃபே விஷயம் இங்கேதான் வருகிறது. புரொடெக்‌ஷன் ஃப்ரம் ஈவில் அண்ட் குட் போட்ட எதிரியை ஃபே தாக்கினால் டிஸ்அட்வான்டேஜ். உங்கள் எட்டு ஓநாயும் ஃபே என்பதால் எட்டுமே மாட்டும். சம்மன் பீஸ்டின் மிருகம் மாட்டாது.

அனிமேட் டெட்டும் இதே மாதிரிதானா?

இல்லை. அது பிணத்தையோ எலும்பையோ எழுப்பும் மந்திரம், போட்டதும் அதன் விளைவு அப்போதே நடந்து முடிந்துவிடும். எழுந்த எலும்புக்கூட்டைப் பிடித்துவைக்க கான்சன்ட்ரேஷன் கிடையாது, டிஸ்பெல் மேஜிக்கும் பலிக்காது. ஆணைக்குப் போனஸ் ஆக்‌ஷன் வேண்டும், 60 அடிக்குள் இருக்க வேண்டும். 24 மணி நேரத்துக்குள் மந்திரத்தைத் திரும்பப் போடாவிட்டால் பேச்சைக் கேட்காது. ராத்திரி படுக்கும் முன் ஸ்லாட் மிச்சம் இருக்கிறதா என்று பாருங்கள்.

கருப்பர், முனி மாதிரி காவல் தெய்வத்தை அழைக்கலாமா?

எங்கள் ஆட்டத்தில் கிடையாது. அழைக்கும் மந்திரங்களில் வருவது பொதுவாக அழைத்தவரின் ஆணைக்குக் கட்டுப்படும். ஹெச்பி 0 ஆனால் மறையும். ஒரு வீட்டுக் குலதெய்வத்தை அந்தக் கணக்கில் வைப்பது எனக்குச் சம்மதமில்லை. சுற்றி உட்கார்ந்திருப்பவர்களில் யாருடைய சாமி அது என்று உங்களுக்குத் தெரியாமலும் இருக்கலாம். காவல் தெய்வம் கதையில் வர வேண்டுமானால் டிஎம் கையில், தன் விருப்பப்படி நடக்கும் சக்தியாக வரட்டும். வேண்டிக்கொள்ளலாம், ஆணையிட முடியாது.

ஐயனார் கோவில் மண்புரவியின் தோற்றத்தை புனித வீரரான பாலடின் ஃபைன்ட் ஸ்டீட் மந்திரத்தால் அழைக்கும் குதிரைக்குக் கொடுப்பதில் எங்களில் யாருக்கும் மறுப்பில்லை. சுட்ட மண் நிறத்தில், கழுத்தில் மணிச்சரத்தோடு வரும். எண்கள் வார்ஹார்ஸுடையவை.

கான்ஜூர் உட்லண்ட் பீயிங்ஸ்ல எட்டு பிக்ஸி கூப்பிட்டு, ஆளுக்கு ஒரு பாலிமார்ஃப் போட வச்சா எல்லாரும் டைனோசர் ஆயிடலாமே?

எழுத்துப்படி நடக்கக்கூடியதுதான். பிக்ஸி என்பது ஒரு குட்டி ஃபே, பாலிமார்ஃப் ஒருவரை மிருகமாக மாற்றும் மந்திரம். பிக்ஸி சிஆர் 1/4, 4ஆம் நிலை ஸ்லாட்டில் எட்டு வரும். ஒவ்வொன்றும் நாளுக்கு ஒருமுறை பாலிமார்ஃப் போடும். ஆனால் தவளைக் கேள்விக்குச் சொன்ன பதில் இங்கேயும் நிற்கிறது: சிஆர் 1/4 ஃபே என்று மட்டுமே நீங்கள் கேட்கலாம், பிக்ஸி என்று கேட்க முடியாது. எங்கள் தாளில் அந்த வரிசையில் பிக்ஸி இல்லை.

உங்கள் டிஎம் ஒத்துக்கொண்டால், பிக்ஸியின் ஹெச்பி 1 என்பதைக் கவனியுங்கள். பாலிமார்ஃபுக்கும் கான்சன்ட்ரேஷன் உண்டு, அதைப் பிடித்திருப்பது பிக்ஸி. அது செத்தால் டைனோசர் உடனே பழைய மனிதனாகிவிடும். உங்கள் கான்சன்ட்ரேஷன் கலைந்தால் எட்டு பிக்ஸியும் ஒரேயடியாக மறையும், அவை போட்ட பாலிமார்ஃபும் கூடவே போகும். ஒரு ஃபயர்பால் போதும்.